கச்சான் மாதத்துப் பதிவேடு

ஒவ்வொரு நாளும் பகல் இரண்டு மணிக்கு
மருந்துக் களஞ்சியத்தில் தொங்கும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.
பார்ப்பேன்.
முப்பத்தைந்து. முப்பத்தாறு.
பிறகு பேனையைத் திறந்து
இருபத்தைந்து என்று எழுதுவேன்.

எனக்கு முன் இருந்தவரும் அப்படித்தான்.
அவருக்கும் முன் இருந்தவரின் ஐந்து மட்டும்
கொஞ்சம் வயிறு பருத்திருக்கும்.
பதினொரு வருடமாக மண்டூரில்
வெயில் ஏறவில்லை, மாரி பெய்யவில்லை,
கச்சான் ஒருநாளும் அடிக்கவில்லை.

பெட்டிகள் குருமண்வெளியில் வந்து இறங்கும்.
பாதை அக்கரையில் நிற்கும்.
உழவு மெஷின் ஒன்று, மோட்டார் சைக்கிள் மூன்று,
ஏற மாட்டேன் என்று நிற்கும் ஆடுகள்,
எல்லாம் ஏறி முடிய வேண்டும்.
அரசரெத்தினம் தன் குடையைப் பெட்டிகளுக்குப் பிடித்துவிட்டு
தான் வெயிலில் நிற்பார்.
சூடு வாவியிலிருந்து எழும்பி
பலகைக்கு அடியால் ஏறும்.

கபிலப் போத்தலும் அந்தக் குடையைப் போலத்தான்.
வெளிச்சத்தை மறிக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
உள்ளே சீனிப்பாகு குறையாது.
தோடம்பழ வாசம் குறையாது.
விற்றமின் சி மட்டும்
மூடி திறக்காமலே எழும்பிப் போய்விடும்.
போகும்போது சிலவேளை
பக்கத்தில் நின்ற சாயத்தையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.
சிலவேளை தனியாகப் போகும்.
தனியாகப் போனால்
யாருக்கும் தெரியாது.

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள்
கமலோஜினி ஒரு போத்தலை என் மேசையில் வைத்தாள்.
சாராயக் கால்போத்தல், கழுவிக் காயவைத்தது,
போன கிழமை நான்தான் அதற்குள்
காய்ச்சல் பாணி ஊற்றிக் கொடுத்தேன்.
"செக்கச்செவேலெண்டு தந்தீங்க மிஸ்.
இப்ப பாருங்க, அரிசி கழுவின தண்ணி.
மருந்து செத்துப் போயிற்றா?"

ஜன்னல் கட்டில் வைத்தாளாம்,
நடுச்சாமத்தில் கைக்கு எட்ட வேண்டும் என்று.
"நிறம்தான் போயிருக்கும்,
மருந்து போயிருக்காது" என்றேன்.
என்றாலும் தொட்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினேன்,
இருட்டில் வையுங்கள் என்று சொல்லி.
அவள் என்னை நம்பவில்லை. என் தோளுக்கு மேலால்
தட்டில் இருந்ததைப் பார்த்தாள்.
"அந்தச் சத்துப் பாணி எவ்வளவு வடிவா இருக்கு.
துண்டில அதுவும் எழுதியிருக்கு மிஸ்."

எழுதித்தான் இருந்தது.
மாசியில் வந்த பெட்டி. செம்மஞ்சள் துளியும் குலையவில்லை.
உள்ளே மிச்சம் என்ன என்று அறிய
கொழும்புக்கு அனுப்ப வேண்டும்;
பதில் வருவதற்குள் போத்தலின் தவணை முடிந்துவிடும்.
அவள் நிறத்தை நம்பினாள்.
திணைக்களம் என் இருபத்தைந்தை நம்பியது.
கொடுத்தேன்.
கொய்யாப்பழமும் குடுங்க பிள்ளைக்கு, மறக்காமக் குடுங்க
என்று இரண்டு தரம் சொன்னேன்.
ஏன் என்று சொல்லவில்லை.

அன்று இரண்டு மணிக்கு
முப்பத்தாறு என்று எழுதினேன்.
எழுதிவிட்டு, அழிபடுமோ என்று
விரலால் தேய்த்தும் பார்த்தேன்.

மாத முடிவில் கடிதம் வந்தது.
ஒரே நாளில் பதினொரு பாகை
உயர்ந்தமைக்கான காரணத்தை
ஏழு நாட்களுக்குள் அறியத் தரவும்.

நாலு நாள் போயிற்று.
பதிலின் முதல் வரியிலேயே நிற்கிறேன்:
ஐயா, உயரவில்லை. எழுதினேன்.
அதற்குப் பிறகு என்ன எழுதுவது?

கூரைத் தகரத்தின் மேல் அரசரெத்தினம்
ஈரச் சாக்குகளை விரிக்கிறார், யாரும் சொல்லாமலே.
வாளித் தண்ணீர் விழும் சத்தம்.
கச்சான் சாக்கின் ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கிறது.
அவர் ஒரு கல்லை எடுத்து வைக்கிறார்.
இரண்டு மணி.
முப்பத்தைந்து.
முப்பத்தைந்து என்று எழுதுகிறேன்.